பேத்தமங்களாவுக்குக் கொண்டுபோன தண்ணீர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் கணவர் ஒரு கேம்பர் ட்ரெய்லர் வாங்கிவிட்டார். எங்கள் சின்ன எஸ்யூவியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, இரண்டு பேர் படுக்கிற பெட்டி வண்டி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. ஐஸ்கிரீம் வியாபாரமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"ரோட்ல ஒரு தரம் ஆடிச்சுன்னாலும் வித்துடணும். இன்னா சொல்றீங்க?" என்றேன். சரி என்று தலையாட்டினார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெங்களூர் வேலைக்காக விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பிறகு வீடு திரும்பிய மனுஷர். கல்யாண வீடு, சாவு வீடு தவிர நாங்கள் சேர்ந்து வெளியே ஓர் இரவு தங்கியதில்லை. இனி ஊர் ஊராக மரத்தடியில் தங்க வேண்டுமாம், அவசரமே இல்லாமல் என்னோடு காப்பி குடிக்க வேண்டுமாம்.

ஆனால் வேலையில் ரொம்பச் சுத்தம். கார் எவ்வளவு எடை இழுக்கும் என்று புத்தகத்தில் பார்த்த பிறகுதான் ட்ரெய்லரையே தேர்ந்தெடுத்தார். ட்ரெய்லரை இழுக்கும் கொக்கியை பம்பரில் மாட்ட விடாமல் காரின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட வைத்தார். ட்ரெய்லருக்குத் தனி பிரேக், பின்விளக்குகள், காருக்கு அகலக் கண்ணாடிகள், கொக்கி கழன்றாலும் பிடித்துக்கொள்ளக் குறுக்கே இரண்டு சங்கிலிகள். ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டுகிற முன்முனையை, எடை மெஷின் மேல் வைத்துப் பார்த்தார். முன்னால் கனம் குறைந்து பின்னால் ஏறினால் வண்டி ஆடும் என்று எனக்குப் பாடமும் எடுத்தார்.

என் மாமனார் சுரங்கத்தில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கியவர். காலிக் கேஜை ஒரு தரம் இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றுவார்கள். அதே கணக்கில் இவரும் காலி ட்ரெய்லரை எங்கள் ஊர் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இழுத்துப்போய்த் திரும்பினார். துளி ஆட்டமில்லை.

மறுவாரம் சாமான்களோடு பேத்தமங்களா ஏரிக்குப் புறப்பட்டோம். ஊரைத் தாண்டி வேகமெடுத்ததும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் கார் இப்படியும் அப்படியும் அலைந்தது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் வாலாட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். ஆட்டம் அடங்கி, ஏரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஓரமாக நின்றோம்.

"நீ சொன்னதுதான். வித்துடலாம்," என்றார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னோடு சண்டை போட்டிருந்தால் தேவலை.

அவர் எடுத்த பாடம் ஞாபகத்துக்கு வர, நான் இறங்கிப்போய் ட்ரெய்லரின் பின்கதவைத் திறந்தேன். கதவோரம் வரிசையாகத் தண்ணீர் கேன்கள், போதாததற்கு மூடி போட்ட இரண்டு குடங்கள். அன்று விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. எப்போதாவதுதான் தண்ணீர் வருகிற எங்கள் ஊரில் குழாய்ச் சத்தம் கேட்டால் பாதித் தூக்கத்திலேயே எழுந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்புவோம். இவரும் நிரப்பி, தூக்கி வைக்க வசதியாகப் பின்கதவோரமே அடுக்கிவிட்டார். மூக்குக்கு எடை பார்த்த மகராசன்!

அதுவும் எந்த ஊருக்கு? வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊருக்கே தண்ணீர் கொடுத்த பேத்தமங்களாவுக்கு.

"ஏங்க, ஏரிக்கே தண்ணி எடுத்துக்கினு வந்திருக்கீங்களே," என்றேன். அவர் கேன்களைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கொட்டிவிடலாம் என்றார். தண்ணீரைக் கொட்டுகிற கையா என் கை? எல்லாவற்றையும் தூக்கிச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்து, நகராமல் கட்டினோம். கொக்கியைக் கழற்றி மூக்கைத் தூக்கிப் பார்த்தார். இப்போது நல்ல கனம்.

எல்லாம் மாட்டிய பிறகும் அவர் காரில் ஏறவில்லை. ஆடியது ஆடியதுதான், சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று நின்றார். அவர்மேல் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

"சாவியக் குடுங்க," என்றேன்.

மார்க்கெட்டுக்குக் கார் ஓட்டுகிறவள்தான் நான், ட்ரெய்லரோடு ஓட்டியதில்லை. மெதுவாகக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினேன். ட்ரெய்லர் அடக்கமாகப் பின்னாலேயே வந்தது. நாங்கள் நிறுத்த வேண்டிய ஏரிக்கரை வந்தது. எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

"ஏரி தாண்டிடுச்சு," என்றார் மெல்ல.

"தாண்டட்டும்," என்றேன்.