மைனஸ் நான்கு நிமிடம்

"ஏனுங்க, இந்த மாச ரிப்போர்ட்டப் பாத்தீங்களா? எமர்ஜென்சியில எஸ்தர் சிஸ்டர் ஷிப்ட்டுதான் கடைசி. திங்கக்கெழமை மீட்டிங் முடிஞ்சதும் அவங்கள வார்டுக்கு மாத்திப்போடலாமுங்க" என்றார் எங்கள் மெடிக்கல் சூப்பரிண்டெண்ட்.

எனக்குச் சுருக்கென்றது. கோவையில் அந்த மருத்துவமனையின் தரப்பிரிவில் ரிப்போர்ட் மென்பொருளை அமைத்தவன் நான். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது அளவீடு. வந்தவர்கள் எல்லோரும் கீழே, நேரத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் மேலே, வகுத்தால் சதவீதம். பள்ளிக்கூடக் கணக்குதான். யாரைக் கீழே சேர்ப்பது, யாரை விடுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

எஸ்தர் சிஸ்டர் மெத்தனமானவர் என்றால் நான் நம்பமாட்டேன். கேஸ் ஷீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவருடையது. ஈசிஜி 10.12. பதிவு 10.16. ரிப்போர்ட்டில் ஆளையே காணோம். சிஸ்டரிடம் கேட்டேன்.

"நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வாரவர கவுண்டர்ல நிக்கவெக்க முடியுங்களா சார்? மொதல்ல படுக்கவெச்சு ஈசிஜி எடுத்துப்போடுவேன். கூட வந்தவங்க அப்பறமாப் போய்ப் பதிவு பண்ணுவாங்க."

பதிவு நேரத்திலிருந்து எண்ணினால் மைனஸ் நான்கு நிமிடம். மைனஸ் வந்தால் தட்டச்சுப் பிழை, கணக்கில் சேர்க்காதே என்று விதி எழுதியது யார்? சாட்சாத் நானேதான். அவர் ஓடி ஓடிப் பார்த்த கேஸ்கள் எல்லாம் கழிந்துபோய், தாமதமானவை மட்டும் மிஞ்சியிருந்தன. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை எல்லோர் முன்னும் எழுந்து, "தப்பு சிஸ்டர் மேல இல்லீங்க, நான் எழுதுன விதியில" என்றேன்.

"அப்ப மைனஸ எல்லாம் ஜீரோன்னு போட்டுறலாமுங்களா?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"அப்படிப் போட்டா நெசமான தட்டச்சுப் பிழையும் உள்ள வந்துருமுங்க" என்று மறுத்தேன். நோயாளி உள்ளே நுழைந்ததும் நர்ஸ் குறிக்கும் டிரையேஜ் நேரத்தை ஆரம்பமாக மாற்றினேன். விட்டுப்போன ஒவ்வொரு ஷீட்டையும் கையால் சரிபார்த்தேன். எஸ்தர் சிஸ்டர் ஷிப்ட் முதலிடத்துக்கு வந்தது. மாற்றல் உத்தரவு நின்றது.

அவருடைய தாமதமான கேஸ்கள் இரண்டு மட்டும் அப்படியே இருந்தன. "அது ரெண்டும் நெசமாலுமே லேட்டுதானுங்க சார், இருக்கட்டும்" என்றார்.

பின்னாளில் எத்தனையோ அளவீடுகளை அமைத்தேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ரிப்போர்ட் போட வரும் தம்பி தங்கைகளே, சதவீதத்தைப் பார்க்குமுன் மென்பொருள் கழித்த பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். அன்றைக்கு நான் அந்தக் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால், எங்களிடமிருந்த மிகச் சிறந்த நர்ஸை எமர்ஜென்சியிலிருந்து நானே வெளியேற்றியிருப்பேன்.