ஒற்றைப் புள்ளி பெற்ற ஆண்டு

மைதானத்தின் நடுவே எங்கள் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மேற்கு வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற அந்த முற்பகலை நான் மறந்தவன் அல்லன். மடுகரைப் பக்கம் வானம் திரண்டு கறுத்திருந்தது. அவர் காலடியில், ஆடுகளத்தை மூடுவதற்கென்று வாங்கிய நீலத் தார்ப்பாய்கள் இரண்டு சுருட்டிக் கிடந்தன. ஆட்டம் பிற்பகலில்தான். அதற்குள் மழை வந்துவிடும் என்பது அங்கு நின்ற அனைவருக்கும் விளங்கியிருந்தது. அது அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அதுவரை நாங்கள் ஒன்றில்கூட வென்றதில்லை.

முதலாளி என்று நான் குறிப்பிடுபவர் பண்டசோழநல்லூரில் நெல்லரவை ஆலை நடத்தியவர். அவரிடம் நெடுங்காலம் மேற்பார்வையாளனாக இருந்தேன். பள்ளியை இடையில் விட்டவன் நான். ஆலைக்கு வரும் பழைய செய்தித்தாள்களை உணவு இடைவேளைகளில் படித்துத்தான் எழுத்து எனக்கு வசமாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பக்கத்தில் கொம்யூன் எனப்படும் ஊராட்சி வட்டாரங்களைச் சுற்றியுள்ள ஊர்களைக் கொண்டு, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை அமர்த்தி ஆடும் கிரிக்கெட் தொடர் ஒன்றைச் சிலர் தொடங்கினார்கள். முதலாளியும் ஓர் அணியை எடுத்தார். ஆலைக்குப் பின்னால் கரும்பு வெட்டிய நிலத்தைச் சமன்படுத்தி மைதானமாக்கினார். பந்தைக் கையால் தொட்டறியாத என்னை அழைத்து, “இத்தினி வருசமா மூட்டைய மேய்ச்ச, பசங்கள மேய்க்க மாட்டியா?” என்று கேட்டு அணியின் மேலாளராக்கிவிட்டார்.

மூட்டைகள் வைத்த இடத்தில் இருப்பவை. பையன்கள் அப்படி அல்லர். அவர்கள் நன்கு ஆடத் தெரிந்தவர்களே என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆயினும் அந்த ஆண்டு அவர்கள் கைபட்டதெல்லாம் நழுவிற்று. வெற்றிக்கு வெகு அருகில் சென்று, மட்டையாளர் இருவரும் ஒரே முனைக்கு ஓடி விக்கெட்டை இழந்தார்கள். உயரே எழும்பிய பந்தை மூவர் சூழ்ந்து நின்று, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துத் தரையில் விழவிட்டார்கள். அணித்தலைவர் சுத்துக்கேணியைச் சேர்ந்த இளைஞர். தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு எங்களை நம்பி வந்தவர். தோற்ற ஒவ்வொரு முறையும் கடைசி ஆளாக மைதானத்தைவிட்டு வருவார். யாரையும் குறை கூறமாட்டார். ஆனால் பருவம் செல்லச் செல்ல அவர் கன்னம் ஒட்டிக்கொண்டே போனதை நான் கவனித்தேன்.

ஊரார் வாளாவிருக்கவில்லை. மைதானத்து வாயிலைக் கிழக்கே மாற்றச் சொன்னார்கள். பூசணிக்காய் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தோம், அதன் துண்டில் வழுக்கி எங்கள் பந்துவீச்சாளர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதுதான் மிச்சம். மைதானத்தை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு உழுத அம்மையார் ஒருவர் இருந்தார். வேலியோரம் களையெடுத்துக்கொண்டே அவர் தொடுக்கும் கேலியைக் கேட்க எதிரணியினர்கூட எல்லைக்கோட்டருகே வந்து நிற்பார்கள். “டேய், அந்தக் கட்டய ஏண்டா சொமக்கிற? ஒரு நாளாவது அதுல பந்து பட்டுச்சா?” என்பார். எங்கள் பையன்களும் சளைத்தவர்கள் அல்லர். “யக்கா, நீ களைன்னு நெனச்சி நாத்தப் புடுங்காத, அத மொதல்ல பாரு!” என்று பதில் கொடுப்பார்கள்.

முதலாளி ஒருநாளும் அவர்களைக் கடிந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆலைக் கொட்டகையில் பந்தி போடச் செய்து, தாமே பரிமாறுவார். “பந்த உட்டவன் மொதல்ல குந்துடா. அவனுக்குத்தான் இன்னிக்கி பெரிய மீனு” என்பார். தவறவிட்டவன் தலைகுனிந்து அமர்வான், சுற்றியிருப்போர் சிரிப்பார்கள், சற்று நேரத்தில் அவனும் சிரிப்பான். தோல்வியை மனிதன்மேல் ஏற்றிப் பார்க்காத அந்தப் பண்பை நான் வேறெந்த முதலாளியிடமும் கண்டதில்லை.

ஆனால் அவருக்கும் கவலை இருந்தது. ஒரு புள்ளியேனும் பெறாத அணி அடுத்த ஆண்டு தொடரில் இடம்பெறாது என்பது விதி. அணி போனால் பையன்களின் சம்பளமும் போகும். சிலர் திருபுவனைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மறுபடியும் வேலை கேட்டு வாசல் காக்க வேண்டும். அணித்தலைவருக்கு விட்டுவந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. இன்னொரு விதியும் இருந்தது. சொந்த மைதானத்தில் மழைக்குமுன் ஆடுகளத்தை மூடவேண்டியது அந்த அணியின் பொறுப்பு. மூடத் தவறினால் ஆட்டத்தை எதிரணிக்கே கொடுத்துவிட நடுவருக்கு உரிமையுண்டு.

இனி அந்த முற்பகலுக்கு வருகிறேன். சித்திரையில் நட்ட சொர்ணவாரி நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்த காலம் அது. மைதானத்தை அடுத்த தார்ச்சாலையில் நெடுந்தொலைவுக்கு நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மேகம் திரண்டதும் ஆண்களும் பெண்களும் நெல்லைக் குவிக்கத் தொடங்கினார்கள். குவித்ததை மூடப் போதிய பாய் இல்லை. குத்தகைக்கார அம்மையார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். அன்று அவர் முகத்தில் கேலி இல்லை.

“அண்ணே, எங்க வூட்டுப் பாயி பத்தல. நனைஞ்சா மொளச்சிடும். நெலத்துக்காரருக்கு இன்னா அளக்குறது, நாங்க இன்னா துன்றது? உங்க பாயக் குடுங்கண்ணே.”

நான் பதறிவிட்டேன். “முதலாளி, பாயி போச்சின்னா மேட்ச்சு போச்சு. டீமே போச்சு” என்றேன். அப்போது அதுதான் எனக்கு நியாயமாகப்பட்டது. முதலாளி அணித்தலைவரிடம் திரும்பினார்.

“நீ சொல்லுடா. இது உன் பொழப்பு. நீ வேணாம்னா குடுக்கல.”

அவர் மேகத்தை ஒருமுறை பார்த்தார், சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். “யக்கா, நீ தள்ளு. இது கனம், உன்னால முடியாது. டேய், எல்லாரும் வாங்கடா!” என்றார். சீருடையணிந்த பையன்கள் வரிசையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் முதல் துளிகள் விழுந்தன. பின்னால் ஓடிய அம்மையாருக்கு அதற்குள் வாய் திரும்பிவிட்டது: “கேட்ச்ச உட்டாப்ல பாய உட்டுறாதீங்கடா, பாவிங்களா!”

மழை கொட்டித் தீர்த்தது. குவியல்களின்மேல் போர்த்திய பாய்களைக் காற்று பிடுங்காதிருக்க, பையன்கள் அவற்றின் ஓரங்களில் உட்கார்ந்து நனைந்தார்கள். முதலாளியும் நானும் ஆலைத் தாழ்வாரத்திலிருந்து, எங்கள் ஆடுகளம் சேறாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஒரு வெளையாட்டு, அவ்ளோதான்பா” என்று எனக்குச் சொல்வதுபோல அவர் தமக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தார், அதில் நீர் வற்றிய பிறகும்.

மழை விட்டு வெயில் எரிக்கத் தொடங்கியதும் எதிரணியின் பேருந்து வந்தது. அவர்களின் மேலாளர் நகரத்துக்காரர். இறங்கியதுமே, “பிட்ச மூடாதது உங்க தப்பு. மேட்ச்ச எங்களுக்குக் குடுங்க” என்று குரலை உயர்த்தினார். அடுத்த சுற்றுக்கு அவர்கள் ஏற்கெனவே தேர்வாகியிருந்தார்கள். ஆயினும் கிடைப்பதை விட மனமில்லை. நடுவர்களில் மூத்தவர் பாகூர்ப் பக்கத்துக்காரர். “பாயி எங்க சார்?” என்று முதலாளியிடம் கேட்டார்.

“நெல்லு மேல கெடக்குது” என்றார் முதலாளி. வேறு காரணம் எதையும் அவர் சொல்லவில்லை. எவர்மீதும் பழி போடவில்லை.

நடுவர் சாலைக்கு நடந்தார். நாங்களும் பின்தொடர்ந்தோம். பாயின் ஓரத்தை விலக்கிக் குவியலுக்குள் முழங்கைவரை கைவிட்டு, ஒரு பிடி அள்ளினார். ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல் நொறுங்கும் ஓசை எனக்குக் கேட்டது. மைதானத்துக்குத் திரும்பி, எல்லைக்கோட்டருகே பந்தை உருட்டிவிட்டார். அது சற்று ஓடி, தேங்கிய நீரில் மிதந்து நின்றது. மற்றொரு நடுவரோடு சிறிது நேரம் கலந்து பேசினார்.

“பாயப் போட்டிருந்தா பிட்ச்சு காஞ்சிருக்கும், வாஸ்தவந்தான்” என்றார், எதிரணி மேலாளரைப் பார்த்து. “சுத்தியும் நிக்கிற தண்ணிய எந்தப் பாயி சார் மூடும்? பாயி இருந்தாலும் இல்லாங்காட்டியும் இன்னிக்கி ஆட முடியாது. ஆளுக்கு ஒரு புள்ளி.”

முதலாளி இருந்த இடத்திலேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அணித்தலைவர் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று நான் கேட்டதில்லை. எனக்கோ, பல மாதங்களாகத் தோளில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ பின்புறமிருந்து வாங்கிக்கொண்டாற்போல் இருந்தது.

இன்று அந்த அணி எல்லா அணிகளையும்போல வெல்கிறது, தோற்கிறது. அன்றைய தலைவர்தான் இன்றைய பயிற்சியாளர். மைதானத்தில் மூடுபாய்கள் அடுக்கடுக்காக உள்ளன. மூப்பின் காரணமாக முதலாளி இப்போது ஆட்டங்களுக்கு வருவதில்லை. முடிவை நான்தான் போய்ச் சொல்கிறேன். கோப்பை வென்ற செய்தியையும் ஒருமுறை சொன்னேன். மகிழ்ந்தார். ஆனால் அந்த மழைநாளைப் பேசும்போது அவர் முகத்தில் படரும் தெளிவு அதில் இல்லை. நானும் அவ்வாறே. வெற்றி ஒரு மாலைக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைய ஆறுதலோ இவ்வளவு ஆண்டுகளுக்கும் போதுமானதாக இருக்கிறது.

அன்று தார்ப்பாய்களை மீட்க நாங்கள் சாலைக்குச் சென்றபோது, அம்மையார் நெல்லை மறுபடியும் பரப்பிக்கொண்டிருந்தார். “யாருண்ணே ஜெயிச்சது?” என்றார்.

“இன்னிக்கி யாரும் தோக்கலம்மா” என்றார் முதலாளி.

அம்மையாருக்கு அதன் அருமை விளங்கியதா, தெரியவில்லை. “அப்பறம் இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறானுங்க? எறங்கி நெல்லத் துழாவச் சொல்லுங்க, வெயிலு இருக்கச்சொல்லவே” என்றார். எங்கள் பையன்கள் காலணிகளைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து எதிரணிப் பையன்களும், தங்கள் மேலாளர் அழைப்பதைக் காதில் வாங்காமல், ஒவ்வொருவராக இறங்கினார்கள். இருநிறச் சட்டைகளும் கலந்து, ஆவி எழும் சாலையில், நெல்லைக் காலால் அளைந்தபடி நெடுந்தூரம் நடந்து போயின.