வலது கண் மட்டும்

என் வீட்டுக்காரர் ஜாஸ்பருக்கு வலது கண் மட்டும்தான் அழும். இடது கண் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் பங்குக் கோயில் ஜனங்கள் இதைத்தான் புதுமை, ஆண்டவர் செய்த அதிசயம் என்றார்கள். புதுமையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. வியாதி. பதினோரு வருஷமாக எங்களோடு குடித்தனம் நடத்துகிறது, அதற்குத் தட்டு வைத்துச் சோறு போடாததுதான் பாக்கி.

மயிலாப்பூரில் ரோசரி சர்ச் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அவர் பூகோள வாத்தியார். நான் எல்.கே.ஜி. டீச்சர். பிள்ளைகள் இல்லை.

வலி பிப்ரவரி கடைசியில் வரும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், எங்கள் தவக்காலம், தொடங்குகிற சமயம் அது. விடிகாலையில் ஒரு தடவை, மத்தியானம் மூன்று நாற்பதுக்கு ஒரு தடவை. பள்ளிக்கூட மணிகூட ஒருநாள் முன்னே பின்னே அடிக்கும், இது அடிக்காது. வலது கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பும். பழுக்கக் காய்ச்சின கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டார். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து இமை தொங்கிவிடும், மூக்கு ஒழுகும். மற்றத் தலைவலிக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்கள். இவரால் உட்காரக்கூட முடியாது. நடப்பார், மண்டி போடுவார், சுவரில் தலையை முட்டுவார். ஒன்றரை மணி நேரம் ஆனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். ஈஸ்டரை ஒட்டி மொத்தமாகவே போய்விடும், அடுத்த வருஷம் வரைக்கும் எட்டிப் பார்க்காது. அந்த ஈஸ்டரை நம்பித்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலோடு சேர்த்துச் சொல்கிற சாமானா இது? முதல் எட்டு வருஷம் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ராயப்பேட்டையில் ஒரு பல் டாக்டர் நல்ல பல் இரண்டைப் பிடுங்கினார். இன்னொருவர் சைனஸ் என்று மூக்கை அறுத்தார். என் தங்கை நொச்சி இலையும் தைலமும் கொண்டுவந்து குவித்தாள். ஹெட்மாஸ்டர் எந்த வைத்தியமும் சொல்லவில்லை, கிட்டே வந்து வாயை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். சிவந்த கண், தள்ளாட்டம், மூன்றே முக்காலுக்கு வகுப்பை விட்டு ஓட்டம் என்றால் வேறென்ன, குடிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எங்கள் தெருக் குடும்பங்கள் மாதாமாதம் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில், குடியை விட்டுத் திருந்தின ஒருவரைக் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே சாட்சி சொல்லவைத்தார்கள். வலி வருகிற மாதங்களில் இவர் ஒரு வாய் பீர் குடித்தால் போதும், அரை மணியில் வலி கிளம்பிவிடும். அதைப் போய் யாரிடம் சொல்ல?

இதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்தைய குட் ஃப்ரைடேயில், எங்கள் பெரிய வெள்ளியில், தலைகீழாக மாறியது. மூன்று மணி வழிபாட்டில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை வாசிக்கிற பொறுப்பு இவருக்கு. நேரம் ஒத்துவராது, வேண்டாம் என்று முட்டிக்கொண்டேன். கணீரென்ற குரல், கோயில்காரர்கள் விடவில்லை. முள்முடி சூட்டுகிற இடத்துக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. வாசக மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் வியர்த்து வழிகிறது, வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டுகிறது. குரல் நடுங்க நடுங்கக் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தார். கோயில் முழுக்க விசும்பல்.

மறுநாள் கீழ்வீட்டு நோரா படியேறி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் தன்னோட முள்முடியில சாருக்குப் பங்கு குடுத்திருக்காரு அக்கா" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அடி பைத்தியமே, இது வியாதி என்று. சொல்லவில்லை. எட்டு வருஷம் குடிகாரன் பெண்டாட்டியாக இருந்துவிட்டேன். புண்ணியவான் பெண்டாட்டி என்று பேர் வரும்போது எந்தப் பொம்பளை வேண்டாம் என்பாள்? வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிவந்து இவரைத் தலையில் கைவைக்கச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் வாயை முகர்வதை நிறுத்தினார். எனக்குப் பூசையில் முன் பெஞ்சில் இடம் கிடைத்தது.

அந்த மாதமே அடையாறில் நரம்பு டாக்டர் மஹ்விஷைப் போய்ப் பார்த்தோம். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, கிளஸ்டர் தலைவலி என்று பேரைச் சொன்னார். பேர் கிடைத்ததற்கே அவர் மேஜையில் தலை வைத்து அழுதேன். இது வெயில் காலம், மழைக்காலம், பகல் நீளுவது இதையெல்லாம் பார்த்து வருகிறது, சர்ச் காலண்டரைப் பார்த்து இல்லை என்றார் டாக்டர். எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் வைத்து இருபது வருஷமாகப் பருவகாலம் பாடம் நடத்துகிற மனிதர், தலையைத் தலையை ஆட்டினார். மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வலி தொடங்கினதும் பை வைத்த மாஸ்க்கில் ஆக்ஸிஜன் இழுக்க வேண்டும். கோடம்பாக்கத்திலிருந்து அப்துல் கரீம் என்பவர் சிலிண்டரைத் தோளில் சுமந்து இரண்டு மாடி ஏறி வந்தார். "தலவலிக்கு சிலிண்டர் வெச்சிக்கினு கீற மொத வூடு இதான் மேடம்" என்று சிரித்தார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், வலி அதற்குக் கேட்டதே. முன்னால் குனிந்து உட்கார்ந்து பதினைந்து நிமிஷம் இழுத்தால் வலி அடங்கிவிடும். அந்த உஸ்ஸென்ற சத்தம் எனக்குப் பாட்டுக் கச்சேரி. அடுத்த இரண்டு தவக்காலமும் மனுஷர்களைப் போல இருந்தோம்.

நோராவின் கணவர் ராஜநாயகம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு கிட்னியும் போய் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் தவக்காலம் நடுவில் கிருமி தொற்றி ஐசியூவில் போட்டுவிட்டார்கள். நோரா அழுதுகொண்டே வந்து, சார் தன் வலியை அவருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒப்புக்கொடுப்பது எங்களுக்குள் சாதாரணம். முட்டி வலி, பசி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது, எதையும் இன்னாருக்காக என்று ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுவோம். அப்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். இவர் ஒரு படி மேலே போனார். தணித்துக்கொண்ட வலியைக் கொடுப்பது எச்சில் சோறு போடுகிற மாதிரி என்று சொல்லி மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

கத்தினேன். சிலிண்டரை அவர் பக்கம் உருட்டிக்கொண்டுபோய் வைத்துக் கெஞ்சினேன்.

"ஈஸ்டர் வரைக்கும்தானே டெல்பி. எப்படியும் அன்னியோட போயிடும்" என்றார். "சும்மா வீணாப் போற வலி. ஒருத்தருக்காவது உபயோகமா இருக்கட்டுமே."

இருபத்தாறு நாள். அவர் முட்டுகிற சுவரில் பழைய மெத்தையை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். துண்டைக் கடித்துக்கொண்டு ராஜநாயகம், ராஜநாயகம் என்று முனகுவார். என் பேரைக்கூட அந்த மனிதர் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காத மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று, ராஜநாயகம் ஐசியூவை விட்டு வெளியே வந்தார். ஈஸ்டருக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். மத்தியானம் நோரா கேக்கோடு ஏறி வந்து இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாற்பதுக்கு வலி வந்தது.

நாலு நாள் முன்னே பின்னே ஆகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஏப்ரல் போனது, மே போனது. ஜூனில் டாக்டர் மஹ்விஷ் மாத்திரையைக் கூட்டினார். சிலருக்கு நடுவில் ஓய்வே இல்லாமல் வருஷம் பூராவும் நின்றுவிடுவதுண்டு, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். இவர் மறுபடி மாஸ்க்கை எடுத்துக்கொண்டார். இப்போது பதினைந்து நிமிஷம் போதவில்லை, முப்பதும் நாற்பதும் ஆகிறது. மூன்று நாள் வந்த சிலிண்டர் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடுகிறது. அப்துல் கரீம் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. தவக்காலம் முடிந்தும் போகாத முள்முடியில் பங்கு ஜனங்களுக்கும் சுவாரசியம் விட்டுப்போயிற்று, பிள்ளைகளை யாரும் தூக்கிவருவதில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "இது எதுக்காக டெல்பி வருது?" என்று கேட்டார். வியாதிங்க, டாக்டரம்மா சொன்னாங்களே என்றேன். அது தெரியும் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்று ஐம்பது. உள்ளே மாஸ்க்கோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தால் நோரா, தலைகூட வாராமல் நிற்கிறாள். ராஜநாயகத்தை மறுபடி ஐசியூவில் சேர்த்துவிட்டார்களாம், இந்தத் தடவை டாக்டர்கள் முகம் கொடுத்தே பேசவில்லையாம். சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாருக்கு வலி இன்னும் இருக்கா அக்கா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமலே ஒரு பங்கு ஜனத்தையே நம்பவைத்தவள் நான். வேண்டிய நேரத்தில் அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.

"இருக்கு" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் கெட்டவள் இல்லை, புருஷன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். "தோத்திரம் ஆண்டவரே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் அறையில் சிலிண்டர் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சிலிண்டர் திருகை மூடுகிற சத்தம் வந்தது, பிறகு அந்த உஸ் நின்றுவிட்டது. இந்தத் தடவை எதுவரைக்கும் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.