மரியசெல்வம் வராத இரண்டு கோடை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். ஆட்கள் வலை பின்னுவார்கள், கட்டட வேலைக்குப் போவார்கள். மரியசெல்வம் மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கீரமங்கலத்துக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு தென்னந்தோப்பில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் பிள்ளைகளின் கோடை முகாமில் இருபது வருடத்துக்கு மேல் அவர்தான் நீச்சல் வாத்தியார்.

முகாமைத் தொடங்கியவர், இப்போது அதை நடத்தும் திலகவதியின் அப்பா ஆண்டிச்சாமி. ஒரு தடைக்காலத்தில் கூலிக்குத் தேங்காய் லோடு ஏற்ற வந்த மரியசெல்வம், குளித்துவிட்டுப் போகிறேன் என்று தோப்புக் கிணற்றில் குதித்தார். மல்லாக்கப் படுத்து மிதந்தபடி அவர் பீடி பிடித்ததைப் பார்த்த பிள்ளைகள் அதன்பிறகு அவரை லாரியில் ஏற விடவில்லை. லாரி கிளம்பிவிட்டது. அவர் இருந்துவிட்டார்.

பெண்பிள்ளைகளுக்குப் படியில் நின்றபடி வாயாலேயே சொல்லிக் கொடுப்பார். வலையில் கட்டும் மிதவையைக் கயிற்றில் கட்டி அவர்கள் பக்கம் எறிவார்.

"காத தண்ணிக்குள்ள வை தாயி. வானத்தப் பாரு. ஒண்ணும் ஆவாது, நான் இங்கிட்டுத்தான் நிக்கிறேன்."

சாயங்காலம் கடல் கதை. தோப்பை விடப் பெரிய திருக்கை மீனைத் தான் பார்த்ததாகக் கூசாமல் சொல்வார். கேரமில் தோற்றால் அரைநாள் யாரோடும் பேச மாட்டார். அப்புறம் பிள்ளைகள்தான் போய்ச் சமாதானம் செய்து கூட்டிவர வேண்டும்.

அப்பா போனபின் பள்ளி ஆசிரியையான திலகவதி முகாமை எடுத்து நடத்தினாள். ஏப்ரல் பிறந்ததும் அவள் போன் செய்ய வேண்டியதுதான், "இந்தா வாரேன் டீச்சர்" என்பார்.

ஒரு வருடம், எங்கோ கிணற்றில் ஒரு பையன் மூழ்கிப்போன செய்தி பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. நீச்சல் வேண்டாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். திலகவதி கிணற்றுக்குக் கம்பிவலை அடித்துப் பூட்டினாள். விஷயத்தைச் சொன்ன பிறகும் மரியசெல்வம் அந்த மே மாதம் வந்தார். இலை போட்டார், சாம்பார் வாளி தூக்கினார். மற்ற நேரமெல்லாம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கிணற்றுப் பக்கம் நின்றார். ஒரு தடவைகூட அவர் குறை சொல்லவில்லை. அதுதான் திலகவதிக்குத் தாங்கவில்லை. அவர் நிற்கும் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பழகினாள்.

அடுத்த ஏப்ரலில் அவள் போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்றே மே வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் தள்ளிப்போடக்கூட இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலையில் புகுந்துகொண்டாள்.

இந்த ஜனவரியில், துறைமுகத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்த மரியசெல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி வந்த அன்று திலகவதிக்குப் பள்ளியில் ஆய்வு. அடக்கத்துக்குப் போகவில்லை.

முகாமில் நீச்சல் பழகி, இப்போது வங்கி வேலையில் இருந்துகொண்டே முகாமுக்கு ஓடியாடும் உதயசூரியன்தான் இந்த வருட முகாமின் முதல்நாளன்று மரியசெல்வம் அண்ணனுக்கு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும் என்றான். மரியசெல்வத்தின் மனைவி சந்தனமேரியை அவனே போய் அழைத்து வந்தான்.

படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பிய சந்தனமேரி நேராகத் திலகவதியிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சர், மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

"என்னக்கா?"

"ரெண்டு வருசமும் நீங்க போன் போட்டுக் கூப்பிட்டீங்க. மூட்டு வலிக்குது, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்னு வந்து நிக்கிறாரு. நான் விடலயே. அம்புட்டு மதிச்சுக் கூப்பிடுறவுங்க மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லலாமான்னு சண்ட போட்டேன். கேக்கல டீச்சர் அந்த மனுசன்."

திலகவதிக்குப் புரிந்தது. கூப்பிடவில்லை என்பதை வீட்டில் சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது உண்மையைச் சொன்னால் அவர் பொய் சொன்னது வெளியே வரும். அவர் மானத்துக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"பரவாயில்லக்கா" என்றாள்.

தான் செய்த குற்றத்துக்கு இன்னொருத்தியை மன்னித்துவிட்டு, அவளைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

உதயசூரியன் மைக்கைப் பிடித்தான். தண்ணீரில் முதன்முதலாக மிதந்த நாளைச் சொன்னான். திருக்கைக் கதையைச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "நீச்சல நிறுத்துனதுக்கப்புறம் அண்ணன நாம கூப்பிடாமயே விட்டுட்டோம். நம்ம எல்லார் மேலயும்தான் தப்பு" என்றான்.

சந்தனமேரி திரும்பித் திலகவதியைப் பார்த்தாள். கூட்டம் முடிந்து பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடிய பிறகுதான் கேட்டாள்.

"போனே வரலையா டீச்சர்?"

"இல்லக்கா."

"ரெண்டு வருசமும்?"

ஆமாம் என்று தலையாட்டினாள் திலகவதி.

"திமிரு புடிச்ச மனுசன்னேன். ஒரு நா கோவத்துல சோறுகூடப் போடல. வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போனாரு." சந்தனமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "பரவாயில்லன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். கத்தவில்லை. புரியாமல் கேட்பது போலக் கேட்டாள்.

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். உதயசூரியன் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சாப்பிடவில்லை.

முகாம் முடிகிறவரை திலகவதி எப்படியோ சமாளித்தாள். முடிந்த மறுநாளே ஜெகதாப்பட்டினம் போனாள். சந்தனமேரி கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "வாங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மரியசெல்வத்தின் சிலுவையில் இன்னும் பெயர்கூட எழுதவில்லை. ஓரத்தில் முளைத்திருந்த புல்லைச் சந்தனமேரி குனிந்து பிடுங்கினாள்.

"அவரத் திட்டுனதுக்கு எம்பாட்ட நான் அன்னைக்கே இங்க வந்து அழுது சொல்லிட்டேன். ஒங்க பாட்ட நீங்க சொல்லுங்க. எங்கிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வழியெல்லாம் திலகவதி சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மணல் பொசுக்கியது. "அண்ணே" என்று மட்டும் சொன்னாள். சந்தனமேரி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.