பெலின்சோனாச் சுவரில் எங்கள் வீட்டுக் கை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மகள் மதுராவோடு, பேர்னுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து, சுவிஸில் இத்தாலியன் பேசும் பெலின்சோனாவுக்குப் போனேன். என் மனுசன் சிவநேசன் தவறி அப்போது ஒன்பது மாதம். அங்கே ஒரு விளம்பரக் கண்காட்சியில் அவருடைய கையின் படம் இருப்பதையும், கீழே "இத்தாலியச் சமையல்காரரின் கை" என்று எழுதியிருப்பதையும் மதுரா போனில் காட்டினாள். அதை மாற்ற வைக்கத்தான் போனேன்.

அவர் இன்டர்லாக்கனில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருடம் பீட்சா போட்டவர். 2009இல் கடை விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். மாவைச் சுழற்றும் கையை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் மீசைக்கார இத்தாலியர் ஒருவரை வரைந்துவிட்டார்கள். என் மனுசன் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். பேர்னில் எட்டு மணி ரயில், லுசேர்னில் ஒரு மாற்றம், பதினொரு மணிக்குப் பெலின்சோனா. அரைக்கட்டண அட்டையோடு முன்கூட்டியே எடுத்ததால் போக வர ஆளுக்கு 54 பிராங்க். கொத்தார்ட் சுரங்கம் 57 கிலோமீற்றர், இருபது நிமிட இருட்டு. அதற்குள் கொஞ்சம் அழுதேன். வெளியே வந்தால் நல்ல வெயில்.

"அம்மா, அங்க போய்ச் சத்தம் போடாதேங்கோ."

"நான் எப்ப சத்தம் போட்டனான்?"

"போன கிழமை பஸ்சில?"

"அது வேற கதை. நீ பேசாமல் வா."

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நுழைவு எட்டு பிராங்க். உள்ளே பழைய இத்தாலிய விளம்பரங்கள். சவர்க்காரத்தால் கறுப்புப் பிள்ளையைத் தேய்த்து வெள்ளையாக்கும் படம் ஒன்று. கோப்பித்தூள் தகர டின்னில் தட்டோடு குனிந்து நிற்கும் கறுப்பு வேலைக்காரன். அடுத்த அறையில் இங்கே வேலைக்கு வந்த இத்தாலியரைச் சுவிஸ்காரர் வரைந்தவை: கத்தி, மூட்டை, அழுக்குச் சட்டை.

"மற்ற ஆக்களை இப்பிடிக் கீறித்தான் தாங்கள் ஆர் எண்டு பழகியிருக்கினம், அம்மா," என்றாள் மதுரா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்தவனைக் குனிய வைத்து வரைந்தால்தான் தான் நிமிர்ந்து நிற்பதாகத் தெரியும்போல.

கடைசி அறையில் அவர் கை. வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், பெருவிரலடியில் அடுப்புச் சுட்ட தழும்பு. நான் சத்தம் போடவில்லை. பொறுப்பாக நின்ற பெண்ணை அழைத்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "இது என் கணவர்."

அந்தப் பெண் பணிவாகத்தான் மறுத்தார். "என் அப்பா தெற்கு இத்தாலி. அங்கே கண்ணூறு படாமல் இப்படி நூல் கட்டுவார்கள். அதை வைத்துத்தான் எழுதினேன்."

"தெற்குத்தான். ஆனால் இன்னும் கனதூரம் தெற்கு."

கைப்பையிலிருந்து என் மனுசன் கடைசியாகக் கட்டியிருந்த கௌரிக் காப்பை எடுத்தேன். கேதாரகௌரி விரதம் முடித்துக் கையில் கட்டும் மஞ்சள் நூல், இருபத்தொரு முடிச்சு. அடுத்த வருடம் வரை கழற்றமாட்டார். படத்தில் பதினொரு முடிச்சு எண்ணலாம், மிச்சம் மறுபக்கம். பிறகு அதே தழும்போடு அவர் மதுராவைத் தூக்கி வைத்திருக்கும் படத்தைக் கொடுத்தேன்.

அந்தப் பெண் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தின அறைப் பக்கம் கையை நீட்டி, கத்தி வைத்த இத்தாலியர் படத்தைக் காட்டி, "என் அப்பாவை இப்படித்தான் நினைத்தார்கள். நானும் அதையே செய்துவிட்டேன்," என்றார். அந்த இடத்திலேயே படத்தின் கீழிருந்த பெயர் அட்டையை உரித்து, உள்ளே போய்ப் புதிது அச்சடித்து வந்தார். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னது நான்தான்.

"அம்மா, இப்ப சத்தம் போடலாம்," என்றாள் மதுரா. போட்டேன். காவலாளி எட்டிப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை போங்கள், பழைய நகரில் சந்தை இருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் ஊர் நடுவே உள்ள பழைய கோட்டையின் புல்லில் இருந்து சாப்பிடலாம், காசு கேட்கமாட்டார்கள். கண்காட்சி கோடை முடியும் வரை உண்டு. கடைசி அறை, இடதுபக்கச் சுவர், மூன்றாவது படம். இத்தாலியனில் எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள், முதல் சொல்லை நீங்களே வாசித்துவிடுவீர்கள்: சிவநேசன்.