வெட்டிய இடத்தில் புல்லாங்குழல்

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வானொலி நிலையத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அங்கே அவர் கத்திரி. யார் என்ன பேசிவிட்டுப் போனாலும் அதில் வேண்டாததை வெட்டி எறிந்து, ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒட்டிக் கொடுப்பது அவர் வேலை. கையில் கத்திரி எல்லாம் கிடையாது. ஒரு பழைய கம்ப்யூட்டர், காதில் ஒரு ஹெட்ஃபோன், அவ்வளவுதான்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. இரண்டிலும் சுவர் முழுக்க, எதிரொலியை விழுங்க முட்டை அட்டை; ஒலிப்பதிவு அறைக் கதவின் முதுகில் ஒரு கம்பளி. கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போது மேலே எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெரிய ரோட்டைத் தாண்டினால் ஒலிபரப்பு கேட்காது. கேட்கிற தெருக்களில் மட்டும் காலையில் உடம்பு, மத்தியானம் அரசியல், சாயங்காலம் பாட்டு என்று வீட்டுக்கு வீடு இதே சத்தம்தான்.

அரசியல், கண்டக்டருடையது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற மனுஷர். கவுன்சிலரையே எதிரில் உட்கார வைத்து, சில்லறை பாக்கி கேட்கிற மாதிரி விடாமல் கேள்வி கேட்பார். ஒரு தடவை, “சாக்கடையை எப்ப மூடுவீங்க?” என்று கேட்டதற்குக் கவுன்சிலர் தொண்டையைச் செருமி, கூரையைப் பார்த்து, “அது வந்து... அது வந்து...” என்று வெகுநேரம் இழுத்திருக்கிறார். கத்திரி வழக்கம்போல அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டார். ஒலிபரப்பில் கவுன்சிலர் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் மகா மேதாவி ஆகிவிட்டார். கண்டக்டர் மாடிப்படியைக் குலுக்கிக்கொண்டு ஏறி வந்தார்.

“யோவ் கத்திரி! அவன் திருதிருன்னு முழிச்சானே, அதுதான்யா பதிலு! அதைப் போய் வெட்டித் தொலைச்சிருக்கியே!”

“கேக்க நல்லா இருக்க வேணாமா கண்டக்டரே?”

“உன் நல்லாவுல இடி விழ.”

இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். கத்திரியும்தான் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

காலை நிகழ்ச்சி அவருடைய அக்காவுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் ஊசி போட்டு ஓய்ந்தவள். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் குரல் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பிள்ளைக்குப் பேதி, மாமியாருக்கு மூட்டுவலி என்று எதைப் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதுபோலப் பேசுவாள். பொத்தானை அழுத்தித் தானே பதிவு செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். தம்பி அடுத்த அறையில் வேறு எதையாவது வெட்டிக்கொண்டிருப்பார். முடித்துவிட்டு நடுச்சுவர்க் கண்ணாடியைத் தட்டி, “எடுத்துக்கோடா” என்று சைகை காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது.

“தூசிடா. இந்த முட்டை அட்டை பூரா தூசி” என்றாள். கத்திரி ஒரு பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு குழியாகத் துடைத்தார். தும்மித் தும்மிக் கண் சிவந்தது. இருமல் போகவில்லை. “நர்ஸே இருமினா அவ பேச்சை எவன் கேப்பான்? வெட்டிடு” என்றாள் அக்கா. வெட்டுவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

தொழில் பழகினவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். கத்திரிக்கும் வந்திருந்தது. பேச்சு கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும். இருமல் வந்தால் அந்த இடம் மட்டும் முள்ளு முள்ளாகக் குத்திட்டு நிற்கும். அதைக் கேட்டுப் பார்த்து வெட்ட வேண்டிய தேவையே இல்லை. கண்ணால் பார்த்து, முள்ளையும் அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். காதை வைத்துப் பிழைக்கிற மனுஷர், கூடப் பிறந்தவளின் இருமலைக் கண்ணால் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். சின்ன இருமல் என்றால் வெட்டி ஒட்டுவார். பெரிதாக வெட்டி, பேச்சு தாவுகிற மாதிரி இருந்தால், ஒரு தபால்காரர் எப்போதோ வந்து ஊதிவிட்டுப் போன புல்லாங்குழலில் ஒரு துண்டை அங்கே செருகுவார்.

புல்லாங்குழல் எல்லோருக்கும் பிடித்துப்போனது. “இப்பல்லாம் நர்ஸம்மா ப்ரோகிராம்ல மியூசிக் ஜாஸ்தி, கேக்க சுகமா இருக்கு” என்று போன் செய்து சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அக்கா பேசிய நிகழ்ச்சியில்தான் புல்லாங்குழல் அதிகம்.

கடைசியில் அவள் ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். அடுத்த மழையைப் பார்க்க அவள் இல்லை.

அவள் இடத்தில் பேச ஆள் கிடைக்கவில்லை. அதனால் பழைய நிகழ்ச்சிகளையே செவ்வாய்தோறும் மறுபடி போட்டார்கள். அவள் போன அன்று ஒரு தடவை செய்தி சொன்னதோடு சரி. நிகழ்ச்சிக்கு முன்னால் “மறைந்த” என்று சேர்க்கவே இல்லை. “செத்தவங்க சொல்ற ஆரோக்கியக் குறிப்பை எவன்யா கேப்பான்?” என்றார் கண்டக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. புதிதாகக் கேட்க ஆரம்பித்தவர்கள் நர்ஸம்மாவிடம் பேச வேண்டுமென்று போன் செய்வார்கள். கண்டக்டர் எதையோ மென்று விழுங்கி, “இப்ப இல்லீங்க” என்று வைத்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை கத்திரியும் கூடவே உட்கார்ந்து கேட்பார். மற்றவர்களுக்குக் குழல் கேட்கும். அவருக்கு அதன் அடியில் இருந்தது கேட்கும். எந்த வார்த்தைக்குப் பிறகு எவ்வளவு நீளம் வெட்டினோம் என்பது ஒன்றுகூட மறக்கவில்லை. கீழே டயருக்குக் காற்று அடித்து நிற்கும்போது ஒரு சத்தம் வரும், அக்கா இருமி மூச்சு வாங்குவதுபோலப் புஸ்ஸென்று இழுத்து அடங்கும் சத்தம். அதைக் கேட்டு இரண்டு மூன்று தடவை எழுந்துபோய் ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். நாற்காலி காலியாக இருக்கும். மைக்கின் உயரம் மட்டும் அக்காவுக்கு வைத்தபடியே இருக்கும்.

“யாருய்யா உள்ள?” என்பார் கண்டக்டர்.

“யாருமில்ல” என்று கதவைச் சாத்துவார்.

அக்காவுக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப தெளிவா தெரியுதா?” என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அதே பேச்சாகிவிட்டது. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத கத்திரிக்கு உறவென்று சொல்ல மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். மாமா என்று அவள் வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு மாடி ஏறி வருவதுதான் அவருடைய வாரத்தில் ஒரே நல்ல சத்தம்.

அப்படி வந்த ஒரு மத்தியானம் அவள் பையில் போன் அடித்தது. புல்லாங்குழல். அதே துண்டு. கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அம்மா ப்ரோகிராம்ல இருந்து எடுத்து வெச்சுக்கிட்டேன் மாமா. யார் கூப்பிட்டாலும் அம்மா கூப்பிடற மாதிரி இருக்கு” என்றாள். பிறகு கேட்டாள்: “மாமா, வெட்டாதது இருக்குமில்ல? ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அம்மா ஏதாவது புலம்பியிருப்பாங்க, திட்டியிருப்பாங்க, தப்புத்தப்பா பேசிட்டுச் சிரிச்சிருப்பாங்க. ரேடியோல பேசறது நர்ஸம்மா. எனக்கு என் அம்மா வேணும்.”

“பழைய டிஸ்க்கும்மா அது... தேடணும்.”

தேட ஒன்றுமில்லை. மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கொடுத்தால் அவள் இருமலைக் கேட்பாள். ஒன்றிரண்டல்ல, வாரா வாரம் வளர்ந்த இருமல். இத்தனையும் இந்த மனுஷன் கைவழியாகத்தானே போயிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னானா என்று நினைப்பாள். அதற்கப்புறம் இந்தப் படியை அவள் ஏற மாட்டாள். இந்த பயம்தான் கத்திரியை அரித்தது. டிஸ்க் திறக்க மாட்டேன் என்கிறது, ஒயர் சரியில்லை, ரிப்பேர்காரன் ஊரில் இல்லை என்று சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தார். அவளும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு வேறென்ன யோசனை வரும்? வெட்டாத பதிவை எடுத்து, பேச்சு சிரிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருமலை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடலாம்.

ஒரு காலை, யாரும் வருவதற்கு முன் உட்கார்ந்தார். முட்களைப் பார்த்துக் கை தானாக ஓடியது. வெட்டு, ஒட்டு, வெட்டு, ஒட்டு. இருமலைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அவள் பேசிய அந்த நிகழ்ச்சியில் ஒரு பெரிய முள் கூட்டம். அதன் பின்னால் தாழ்ந்த சின்ன மேடுகள். முன்பு அந்த மேடுகளையும் சேர்த்து வெட்டிக் குழல் வைத்த ஞாபகம் இருந்தது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்திருந்தார். இந்தத் தடவை பேச்சை வெட்டிவிடக் கூடாதே என்று கை நின்றது. ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டு கேட்டார்.

அக்கா இருமினாள். இருமி இருமி மேசையைப் பிடித்துக்கொண்டது கேட்டது. அப்புறம், மைக்குக்கு மிக அருகில், ரகசியம்போல:

“தம்பி, இது தூசி இல்லடா. எனக்குத் தெரியும். தனியா போக பயமா இருக்கு. நீயா ஒரு தடவை, ‘வாக்கா, போலாம்’னு சொன்னீன்னா கிளம்பிடுவேன்.” நாற்காலி கிறீச்சிட்டது. “சரி சரி, இதையும் வெட்டிடு.”

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “ஆக நேயர்களே” என்று தொடர்ந்தாள்.

கத்திரி ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. “வாக்கா, போலாம்” என்றார் சத்தமாக. முட்டை அட்டைகள் அதையும் விழுங்கின. ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள் தன் பயத்தைச் சொல்ல இந்த ஒரு காதைத்தான் நம்பியிருந்தாள். அந்தக் காது அப்போது வேலை செய்யவில்லை. மேசைமேல் தலையை வைத்து அவர் அழுதார்.

மத்தியானம் அக்கா மகளைக் கூப்பிட்டார். அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்தார். “வெட்டாததும்மா. நான் எதை வெட்டினேன்னு கேளு. கேட்டுட்டு என்ன வேணா சொல்லு.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். சத்தம் வராது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு இடத்தில் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். கண்டக்டர் வந்து ஏதோ கேட்க வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவள் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. திட்டப்போகிறாள் என்று கத்திரி காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“வீட்லயும் இருமுவாங்க மாமா” என்றாள். “இதே இருமல்தான். நான் டிவி பாத்துட்டு இருப்பேன். அம்மா இரும ஆரம்பிச்சா சத்தத்தைக் கூட்டி வெச்சுப்பேன்.” கத்திரி அவள் தலையில் கை வைத்தார்.

போகும்போது படியில் நின்று திரும்பினாள். “செவ்வாய்க்கிழமை இதையே போடுங்க மாமா. உங்ககிட்ட சொன்னதை மட்டும் எடுத்துடுங்க, அது உங்களுக்குச் சொன்னது. இருமல் இருக்கட்டும். குழலும் வேணாம்.”

“கேக்க நல்லா இருக்காதேம்மா.”

“இருக்க வேணாம்” என்றார் கண்டக்டர், ஸ்டூலிலிருந்தே.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளும் வந்தாள். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அக்கா நேயர்களுக்கு வணக்கம் சொன்னாள். இருமலைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தவள் இருமினாள். முழுதாக, வெட்டில்லாமல், தெருத்தெருவாகப் போய்ச் சேர்ந்தது அது. மன்னிச்சுக்கோங்க என்று சொல்லித் தொடர்ந்தாள். மறுபடி இருமினாள்.

நிகழ்ச்சி பாதிகூடத் தாண்டவில்லை, போன் அடித்தது. கண்டக்டர் எடுத்தார். “ஆமாங்க... ஆமாங்க...” என்றவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

“என்னவாம்?” என்றார் கத்திரி.

“ஒரு அம்மா பேசறாங்க. நர்ஸம்மா இருமறது நல்லா இல்லையாம். பேசிட்டே இருக்காங்களே, கூட யாருமே இல்லையா, யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்னு கேக்கறாங்க.”

மகள்தான் எழுந்துபோய்ப் போனை வாங்கினாள்.

“நான் அவங்க பொண்ணுதாங்க பேசறேன். சரிங்கம்மா... சரிங்க. கூட்டிட்டுப் போறோம்” என்றாள்.

அவள் போனை வைத்ததும் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை கத்திரி எடுத்து, “சொல்லுங்க, கேக்கறேன்” என்றார்.