கோட்டைக்கு வெளியே நின்ற அண்ணா

சிட்னியின் டூங்கபியில் என் வீட்டுக் குசினியில், பிரிஜ் கதவில் அண்ணாவின் படம் ஒன்று இருக்கிறது. எகிப்தில், அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் பழைய கோட்டைக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் கமரா தொங்க, பெரிய துரை மாதிரி நிற்கிறார். முதல்முறை பார்ப்பவர்கள் "அண்ணா நல்லா ஊர் சுத்தியிருக்கிறார்" என்பார்கள். நான் தேத்தண்ணி போடத் திரும்பிவிடுவேன்.

அண்ணா ஊர் சுற்றப் போகவில்லை. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், இத்தாலிக்குப் படகேற்றி விடுவதாகச் சொன்ன ஒரு ஏஜென்சிக்காரன் அவரை அந்தப் பட்டினத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். அறைக்குள் அடைந்து கிடந்தால் பொலிசுக்குச் சந்தேகம் வரும், சுற்றுலாப் பயணி மாதிரித் திரி என்று கண்ணாடியும் கமராவும் அவன்தான் கொடுத்தானாம். கமராவுக்குள் பிலிம்கூட இல்லை. அண்ணாவோடு அறையில் இருந்த ஒருவர் பிறகு கனடாவிலிருந்து சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். வீட்டுக்கார அன்ரியின் தொலைபேசிக்கு அண்ணா எடுப்பார். பயணத்தைப் பற்றிப் போனில் மூச்சு விடக்கூடாது என்பது, பிள்ளையை வெளியே அனுப்பிய எல்லா வீட்டிலும் அந்த நாளில் சட்டம். யார் ஒட்டுக் கேட்பார்களோ என்ற பயம். அதனால் அண்ணா பார்த்த இடங்களைச் சொல்வார். வானத்தைத் தொடுகிற ஒற்றைத் தூண், கடலோரத் தெரு, நிலத்துக்குக் கீழே கல்லைக் குடைந்த கல்லறைகள். ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால்தான் அந்தக் கல்லறைகளே வெளியில் தெரியவந்தனவாம். அம்மா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். பயமாக இருக்கிறதா, எப்போது ஏறுகிறாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. கடைசி அழைப்பிலும் கோட்டைக் கதைதான்.

"உள்ளுக்குப் போய்ப் பாத்தனியே?"

"இல்லை அம்மா, வெளியில நிண்டு படம்தான் எடுப்பிச்சனான். பாத்திட்டு அடுத்தமுறை எடுக்கேக்க சொல்லுறன்."

அடுத்தமுறை அவர் எடுக்கவேயில்லை. கோட்டைக்கு முன்னால் ஒரு தெருப் படக்காரர் எடுத்த அந்தப் படம் மட்டும் தபாலில் வந்தது. கனடாக்காரர் காய்ச்சலால் படகேறவில்லை, அண்ணா ஏறினார். கனடாக்காரருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படகு எங்கேயும் போய்ச் சேரவில்லை. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்ய அம்மா இன்றுவரை விடவில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப் போனால், உயிரோடு இருக்கிற எங்கள் பெயர்களுக்கு முன்னால் அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் அர்ச்சனைக்குச் சொல்கிறார்.  ஒரு திவசமாவது செய்து, வாய்விட்டு அழுது முடித்திருக்கலாமே என்று அம்மாமேல் கோபம்கூட வரும்.

போன மாதம் நானே அலெக்சாந்திரியாவுக்குப் போனேன். சிட்னியிலிருந்து ஒரு சுற்றுலாக் குழுவோடு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் சகிதம். அண்ணா நடித்ததை நான் உண்மையாகவே செய்தேன். வழிகாட்டி அதே கழுதைக் கதையைச் சொன்னார், குழுவே சிரித்தது. நான் கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு டிக்கெட் எடுத்துக் கோட்டைக்குள் போனேன். பழைய கலங்கரை விளக்கம் இருந்த இடத்தில் கட்டியதாம். அறை அறையாகப் பார்த்தேன். தடித்த சுவர்கள், கல் படிகள், கடலைப் பார்த்த சின்ன யன்னல்கள். என்ன கிடைக்கும் என்று போனேனோ தெரியாது. ஒரு யன்னலில் நின்று "அண்ணா" என்று கூப்பிட்டேன். பின்னால் நின்ற ஒருவர் படம் எடுக்க இடம் கேட்டார். விலகிக் கொடுத்தேன்.

அண்ணா வருவார் என்று இனிமேல் தலையாட்டி அம்மாவை ஏமாற்றுவதில்லை, கிரியைக்கு எப்படியாவது சம்மதம் வாங்குவது என்ற முடிவோடுதான் திரும்பி வந்தேன். குசினிக் கதிரையில் அவரை இருத்தி, எதிரே இருந்தேன்.

"அம்மா, கோட்டைக்குள்ள ஒண்டும் இல்லை. வெறும் அறையள். யன்னலால கடல்தான் தெரியுது. அண்ணா இனி..."

அம்மா எழும்பிப் போய், பிரிஜ் கதவில் சரிந்திருந்த படத்தை நேராக்கினார்.

"நல்லதாப் போச்சு, நீ உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டாய். அவன் பாக்கேல்லை எல்லே. வந்தா நீயே சொல்லு."

"ஓம் அம்மா, சொல்லுறன்" என்றேன்.